நீ போடாத விண்ணப்பம்

நித்யா,

நீ புனேவுக்குப் போன பிறகு வீடே அமைதியாகிவிட்டது என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ இங்கே இருந்தபோதும் உன் சத்தம் அதிகம் கேட்டதில்லை. அது எப்போதிலிருந்து என்றுதான் இந்த நாட்களில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, ரூமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கூடத் தங்கியிருக்கும் பெண் எப்படி என்று நான் கேட்கிறேன், நீ பதில் சொல்கிறாய். நான் உண்மையில் சொல்ல நினைப்பதை எடுத்தால் மட்டும், பாதியிலேயே "பரவால்லம்மா, விடு" என்று நிறுத்திவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் லிஃப்டில் இரண்டாவது மாடி மாலதியைப் பார்த்தேன். "பொண்ணுக்கு வேலை கெடச்சு புனே போயிருச்சாமே! டெஸ்டிங்காமே? அப்படியே உங்களை மாதிரி. குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்து, ஹேண்ட்பேகைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடமாக, அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடித் தேடிச் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை, இந்த வீடு அதில் வந்ததுதான். ஆனால் நீ என்னை மாதிரி ஆக வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்கு வேறு ஆசை இருந்தது. அது எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை, நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் ப்ளஸ் டூவுக்கு மேல் படித்த முதல் பெண் நான். எங்கள் கணக்கு டீச்சர் சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வைத்த வகுப்புகளுக்கெல்லாம் போனேன். மற்றப் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், நான் நிற்கவில்லை. மார்க் வந்தது, கவுன்சலிங்கில் சென்னையில் சீட் கிடைத்தது, வேலை கிடைத்தது, உன் அப்பா கிடைத்தார், ஐயப்பன்தாங்கலில் இந்த ஃப்ளாட் கிடைத்தது. ஒன்றைப் பிடித்து அடுத்ததற்கு ஏறியதால், எவ்வளவு கடினமாகப் படிக்கிறோமோ அவ்வளவு நல்ல கல்லூரி என்ற ஒரே கணக்குத்தான் என் மண்டையில் பதிந்திருந்தது. அந்த வகுப்புகளுக்கு என்னை யாரும் அனுப்பவில்லை, நானாக ஆசைப்பட்டுத்தான் போனேன் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

நீ ஒன்பதாவது படித்தபோது பெய்த மழை நினைவிருக்கிறதா? பார்க்கிங்கில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை. எல்லோரும் மொட்டை மாடியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்த மறுநாளே நீ ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ரேவதியோடு கிளம்பினாய். பள்ளியில் உனக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், பின்தெருவில் வீடு. இருவரும் தெருத் தெருவாகப் போய், "உங்க வீட்டுக்குள்ள தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு" என்று வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறீர்கள். பிறகு ஹால் தரையில் படுத்துக்கொண்டு நம் ஏரியா முழுவதையும் வரைந்தாய். தண்ணீர் அதிகம் நின்ற தெரு அடர் நீலம், கொஞ்சமாக நின்ற தெரு வெளிர் நீலம். வரைந்து முடித்துவிட்டு, "அம்மா, மெயின் ரோடு வழியா வரவே இல்லம்மா. பின்னாடி காலி மனையில மண்ணு கொட்டி மேடாக்கினாங்கல்ல, அங்கேர்ந்துதான் திரும்பி வருது" என்றாய். அசோசியேஷன் செயலாளர் அதைக் கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஊராட்சி அலுவலகத்துக்குப் போனபோது அதைப் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். நான் உன் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா வரைஞ்சிருக்கடா" என்றேன். வரைந்தது எனக்குத் தெரிந்தது. நீ கண்டுபிடித்திருந்தாய் என்பது எனக்குத் தெரியவில்லை.

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீயே பேச்சை எடுத்தாய். "அம்மா, ஜாகிரஃபி இருக்கிற குரூப் எடுக்கட்டுமா? நம்ம ஸ்கூல்ல இல்ல. ஆவடியில ஒரு ஸ்கூல்ல இருக்காம். ரேவதி அண்ணன் விசாரிச்சு சொன்னாரு." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "ஜாகிரஃபி படிச்சு என்னடா பண்ணுவ? மேப்பு விக்கப் போறியா?" என்று கேட்டேன். அப்பா மட்டும், "அவ என்ன சொல்றான்னு முழுசா கேட்டுக்கலாமே" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம சாப்பிடுங்க" என்று அவர் வாயையும் அடைத்தேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்ப மேத்ஸ் குரூப்பே எடுத்துக்கிறேம்மா, நம்ம ஸ்கூல்லயே இருந்துக்கிறேன்" என்றாய். ஒரு படி இறங்கி வந்தாய். அதையும் நான் விடவில்லை.

அப்போது பூந்தமல்லி பக்கம் புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு பள்ளியைப் பற்றி என் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. காலையில் பள்ளிப் பாடம், பிற்பகலில் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். இரண்டையும் ஒரே இடத்தில் நடத்துவதால் இன்டக்ரேட்டட் என்று அதற்குப் பெயர். அறிமுகக் கூட்டத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். கோட் போட்ட ஒருவர் மேடையில் நின்று, "ஈஸியான படிப்பு படிச்சவங்களை எந்தப் பெரிய காலேஜும் திரும்பிப் பாக்காது. இந்த ரெண்டு வருஷம் உங்க புள்ளை அழட்டும், அப்புறம் வாழ்க்கை முழுக்கச் சிரிக்கும்" என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். உன் கை மடியிலேயே இருந்தது. அதையும் பார்த்தேன், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியும் முன்பே எழுந்து, பாதித் தூக்கத்தில் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பஸ் டெப்போ வாசலில் பள்ளி வேனுக்கு நிற்பாய். திரும்பி வரும்போது உன் தம்பி கௌதம் தூங்கியிருப்பான். அவன் அப்போது சின்னப் பையன். "அக்கா ஊருக்குப் போயிருக்காளா?" என்று ஒரு நாள் கேட்டான். மாதாமாதம் மார்க் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிவு மாற்றுவார்கள். முதல் பிரிவில் சேர்ந்த நீ இரண்டாவதுக்குப் போனாய், பிறகு மூன்றாவதுக்கு. ஒவ்வொரு முறையும் நான் டைம்டேபிளைத்தான் மாற்றினேன். டிவியை நிறுத்தினேன், தம்பியை வேறு அறையில் படுக்க வைத்தேன், ரேவதி வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். இந்தப் படிப்பு உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம் உள்ளுக்குள் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

அப்பா உன்னைப் பஸ்ஸில் பார்த்த கதையை எனக்கு முழுதாகச் சொன்னதே நீ புனேவுக்குப் போன பிறகுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆவடி ஃபேக்டரியில் ஓவர்டைம் முடித்துவிட்டு, குமணன்சாவடியில் பஸ் மாறி ஏறியிருக்கிறார். ஜன்னலோரத்தில் யூனிஃபார்மோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு நீ. டெஸ்ட் நடக்கிற நேரம். பெண்களுக்குக் காசு வாங்காத சாதாரண பஸ் என்பதால், யாரிடமும் பைசா கேட்காமல் நீ நாள் முழுக்கச் சுற்ற முடிந்திருக்கிறது. அப்பா பேசாமல் உன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்திருக்கிறார். "இன்னா சார், உங்க பொண்ணா? நான் ஒரே பயத்துல கீறேன் சார். ஞாயித்துக்கெழமன்னா ஏறி ஒக்காந்துக்குது, கடைசி ஸ்டாப்பு வந்தாலும் எறங்க மாட்டேங்குது. மறுக்கா இதே பஸ்ல திரும்பி வந்துகினு கீது. ஊட்டுல எதனா பிரச்னையா சார்?" அப்பா, "ஒண்ணுமில்லீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறார்.

நம் ஸ்டாப் வந்தும் அவர் இறங்கவில்லையாம். கடைசி ஸ்டாப் வரைக்கும் உன்னோடு வந்து, அதே பஸ்ஸில் உன்னோடு திரும்பியிருக்கிறார். "எங்கம்மா போற?" என்று கேட்டதற்கு நீ, "எங்கயும் இல்லப்பா. ஊர் எப்படி எப்படி மாறிக்கிட்டே போகுதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்றாயாம். பிறகு நீயாகவே பேசினாயாம். எந்த இடத்தில் கால்வாய் ரோட்டுக்கு அடியில் போகிறது, எங்கே அதன்மேல் கடை கட்டியிருக்கிறார்கள், திருவேற்காட்டுப் பக்கம் கூவம் எவ்வளவு அகலம், இந்தப் பக்கம் வரும்போது எவ்வளவு ஒடுங்குகிறது என்று ஜன்னல் வழியாகக் காட்டிக் காட்டிச் சொன்னாயாம். "அந்த ரெண்டு வருஷத்துல அவ அவ்வளவு பேசி நான் பாத்ததே அன்னிக்குத்தான்" என்று அப்பா சொன்னார். அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ அவளை அந்த ஜன்னல்லேர்ந்தும் எறக்கியிருப்ப" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் இறக்கத்தானே செய்தேன்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில், நீ பல ஞாயிறு டெஸ்டுக்கு வரவில்லை என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நான் கத்திய கத்தலில் மேல் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ அழவில்லை. "பஸ்ல சுத்திக்கிட்டு இருந்தேம்மா" என்று மட்டும் சொன்னாய். "படிப்புக்கு பயந்து ஊர் சுத்துறவ என் பொண்ணே இல்ல" என்றேன். நித்யா, இந்த வாக்கியத்தை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானே உன்னை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டு, டெஸ்ட் முடியும்வரை அந்தக் கட்டட வாசலில் காவல் இருந்தேன். அங்கே என்னைப் போல நிறையத் தாய்மார்கள் இருந்தார்கள். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், ஒருத்தி ஜெபமாலை உருட்டுவாள். பிள்ளைகள் வெளியே வந்ததும் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று முகத்தைப் பார்ப்போம்.

அந்தப் பிள்ளைகளில் ஒரு பையனை நான் மறக்கவே மாட்டேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, டெஸ்ட் முடிந்து படியில் இறங்கும்போதே இன்னொருவனை நிறுத்தி, சுவரில் விரலால் எழுதிக் காட்டி ஏதோ ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருப்பான். அவன் அம்மா கூப்பிட்டாலும் வர மாட்டான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பெரிய இடத்தில் சீட் கிடைத்துப் போனான், நன்றாக இருப்பான். அதனால் அந்தப் படிப்பே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மழை வடிந்த மறுநாள் உன் முகம் இருந்த மாதிரியே அவன் முகம் அங்கே இருந்தது. அவனுக்கு ஏற்ற இடத்தில் உன்னை உட்கார வைத்துவிட்டு, அவன் முகம் உனக்கு ஏன் வரவில்லை என்று நான் வாசலில் காத்துக்கொண்டிருந்தேன்.

ப்ளஸ் டூ பரீட்சை வந்தது. நுழைவுத் தேர்வில் உன் மார்க் நாங்கள் கனவு கண்ட எந்தக் கல்லூரிக்கும் எட்டவில்லை. சரி, சென்னையிலிருந்து திருச்சிவரை நல்ல கல்லூரிகள் இல்லையா, மாநிலக் கவுன்சலிங் இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு ப்ளஸ் டூவில் வாங்கிய மார்க்தான் கணக்கு, நுழைவுத் தேர்வுக்கு நீ பட்ட பாட்டை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பள்ளியில் ப்ளஸ் டூ பாடத்தைச் சும்மா ஓட்டிவிட்டிருந்தார்கள். வேதியியலில் கேள்விக்கு நேரான பதில் எழுதக்கூட உனக்குப் பழக்கம் போயிருந்தது. பழைய பள்ளியிலேயே நீ இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நல்ல மார்க் வாங்கியிருப்பாய். எந்தக் கல்லூரியின் கதவைத் திறக்கும் என்று நம்பி அந்த இரண்டு வருடத்தைக் கொடுத்தேனோ, அந்த இரண்டு வருடமே நம் வீட்டுப் பக்கத்துக் கதவையும் சாத்திவிட்டது.

ரேவதி அதே பழைய பள்ளியில் படித்து, கவுன்சலிங்கில் முதல் சுற்றிலேயே நல்ல கல்லூரியில் இடம் வாங்கினாள். டப்பா நிறைய மைசூர்பாகு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ஸ்வீட் எட்துக்கோங்க. எங்க நைனா தெருவுல போறவங்கள எல்லாம் நிறுத்தி குட்த்துக்கினு கீறாரு" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். நீ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அவள் காதில் விழட்டும் என்றே அப்பாவிடம், "ஈஸியான ஸ்கூல்ல படிச்சா யாருக்கும்தான் மார்க் வரும்" என்றேன். "நான் கெளம்புறேன் நித்யா, நைனா தேடுவாரு" என்று அவள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுக்கு வரவே இல்லை. நீங்கள் இருவரும் வெளியில் சந்தித்துக்கொள்கிறீர்கள் என்று பின்னால் தெரிந்தபோது, என் பேச்சால் அந்த நட்பு போகவில்லையே என்று நிம்மதியாக இருந்தது. போன மாதம் குமணன்சாவடி காய்கறிக் கடையில் அவளைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, அதெல்லாம் இன்னாத்துக்கு ஆன்ட்டி இப்ப" என்று என் கையிலிருந்த பையை வாங்கி ஸ்கூட்டி வரைக்கும் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு, சிரித்தாளே தவிர வருகிறேன் என்று சொல்லவில்லை.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. ரேவதி வந்துபோன இரண்டொரு நாளில், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாய். "அம்மா, ஜாகிரஃபி டிகிரி இருக்கும்மா, இங்கயே சிட்டியில. என் மார்க்குக்கு முதல் லிஸ்ட்லயே கெடைக்கும். தேதியை நீட்டியிருக்காங்க, நாளைக்கு அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள். ஒண்ணே ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்டாய். போட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யும் பிள்ளை நீ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கா ரெண்டு வருஷம் இவ்வளவு கஷ்டப்பட்டோம்?" பட்டது நீ, கேட்டது நான். நீ எவ்வளவு கஷ்டப்பட்டாயோ அவ்வளவு உயரமான இடத்துக்குத்தான் விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் கீழே போட்டால் அந்தக் கஷ்டத்துக்கே அவமானம் என்று எனக்குப் பட்டது. சாதாரணப் பள்ளியில் நீ படித்திருந்தால், மனது மாறி "போட்டுப் பாரேன்" என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கட்டிலில் கிடந்த தம்பியின் சட்டை ஒன்றை எடுத்து மடித்து என் அடுக்கின் மேல் வைத்தாய். "சரிம்மா" என்றாய். மறுநாள் முழுக்க நீ எங்கேயாவது போய்ப் போட்டுவிடுவாயோ என்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன். நீ போடவில்லை. அந்த நாள் முடிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், நித்யா. அதை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

அதன் பிறகு எல்லாம் எளிதாக நடந்தது. திருவள்ளூர் தாண்டி ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது, போய் வந்தாய். ஒரு பாடத்திலும் நிற்கவில்லை, ஒரு புகாரும் இல்லை. டெஸ்டிங் கோர்ஸ் ஒன்று படி என்றேன், படித்தாய். கேம்பஸில் வேலை வந்தது. புனே தூரமாயிற்றே என்றேன், "சரிம்மா, வேற பாக்கட்டுமா?" என்றாய். போகட்டும் என்றேன், போனாய். ஊரில் எல்லோரும் இப்படி ஒரு பெண் வேண்டும் என்கிறார்கள். முன்பு சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பூரிக்கும் தோசைக்கும் சண்டை போடுவாய். இப்போது "எதுன்னாலும் ஓகேம்மா" என்கிறாய். நான் உனக்குப் பிடிக்காத படிப்பைத் திணித்தேன் என்பதைவிட, எது பிடிக்கும் என்று சொல்லும் பழக்கத்தையே உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன் என்பதுதான் என்னை அரிக்கிறது.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் அம்மாவின் கடிதத்தில் அது இல்லாமல் இருக்குமா? ஆபீஸில் யாராவது கடினமான வேலையைக் காட்டி, இதைச் செய்தால் நல்ல பெயர் வரும் என்று சொன்னால், உடனே தலையாட்டாதே. இது எதற்கு, எனக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பார். பிடித்த கஷ்டம் என்றால் தயங்காமல் இறங்கு, அதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. உனக்கு இன்னும் வயசு இருக்கிறது. அந்த ஆசை எங்கேயாவது மிச்சம் இருந்தால் மேல்படிப்புக்கு விசாரித்துப் பார். மிச்சம் இல்லை என்றாலும் என்னைச் சமாதானப்படுத்துவதற்காக இருப்பதாகச் சொல்லாதே. நான் கெடுத்ததைச் சரிசெய்வதும் உன் வேலையாக வேண்டாம். அப்புறம், மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். கௌதம் பத்தாவது முடித்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அவனை அதே மாதிரி ஓர் அறிமுகக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளி வேறு, பேச்சு அதே பேச்சு. இவ்வளவு எழுதுகிறவள் எதற்குப் போனாள் என்று நீ கேட்கலாம். பயம்தான். அவனுக்கு வேண்டியது இதுவாகவே இருந்து, நான் உன் கதையை நினைத்து மறுத்துவிட்டால் அதுவும் தப்பாகிவிடுமே என்ற பயம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து கரும்புச் சாறு குடிக்கும்போது, "உனக்கு என்னடா தோணுது? சேர வேண்டாம்னாலும் சொல்லு, அம்மா திட்ட மாட்டேன்" என்றேன். அவன் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, "அக்கா ரெண்டு வருஷம் போனால்ல? அவகிட்ட கேட்டுட்டு சொல்லட்டுமா?" என்றான். கேளு என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை அவன் உனக்குப் போன் செய்வான். எனக்கு உன்னைத் தெரியும். நான் பக்கத்தில் இருப்பேன், எனக்கு மனசு கஷ்டப்படும் என்று யோசித்து, "அதெல்லாம் நல்ல ஸ்கூல்டா, அம்மா சொல்றதைக் கேளு" என்று முடித்துவிடுவாய். அப்படிச் சொல்லாதே, நித்யா. அந்த இரண்டு வருடம் உனக்கு எப்படி இருந்தது என்று அவனிடம் சொல். நல்லது ஏதாவது இருந்தால் அதையும் சொல். என்னைப் பற்றி எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே சொல், எனக்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே. அந்த நேரத்தில் அப்பாவும் நானும் வீட்டில் இருக்க மாட்டோம், மார்க்கெட்டுக்குப் போய்விடுவோம். நீ என்ன சொன்னாய் என்று அவனிடம் நான் கேட்கவும் மாட்டேன்.

அம்மா